பெடியனுக்கு ஒரு விலை, பெட்டைக்கு ஒரு விலை

போன மாதம் ஹரோவில் ஒரு சாமத்திய வீடு. லண்டனில் தமிழர் நாலு பேர் கூடினால் வீட்டு வட்டி, பிள்ளையின் கிராமர் ஸ்கூல், கார் இன்சூரன்ஸ், இந்த மூன்றையும் விட்டால் கதைக்க வேறொன்றும் இல்லை. அன்றைக்கு இன்சூரன்சின் முறை. மச்சானின் மூத்த மகள் லைசன்ஸ் எடுத்திருக்கிறாள். கொம்பனிகள் கேட்கிற காசைப் பார்த்து மனுசனுக்குத் தலை சுற்றிப் போயிருக்கிறது.

“அத்தான், முந்திப் பொம்பிளைப் பிள்ளையளுக்கு எவ்வளவு மலிவு. உந்த ஐரோப்பாக் கோர்ட்டுக்காரங்கள் சமத்துவம் எண்டு சொல்லி எங்கட பிள்ளையளின்ர காசைப் பறிச்சுப் பெடியளிட்டைக் குடுத்திட்டாங்கள்.”

மேசையில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். மனுசி மேசைக்குக் கீழே காலை மிதித்தா. மற்றவர் வீட்டுக் கொண்டாட்டத்தில் சண்டை வேண்டாம் என்று அர்த்தம். அங்கே வடையோடு சேர்த்து விழுங்கினதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம், ஏனென்றால் எங்கட ஆக்களில் பாதிப் பேர் அரைகுறையாய்க் கேள்விப்பட்டதோடு சரி. ஆண் பெண் வித்தியாசம் பார்த்துப் பொருளும் சேவையும் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் ஒரு நெறிமுறை போட்டது. அதில் காப்புறுதிக்கு மட்டும் ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். கையில் ஒழுங்கான புள்ளிவிபரம் இருந்தால் ஆணுக்கு ஒரு பிரீமியம், பெண்ணுக்கு ஒரு பிரீமியம் வைக்க நாடுகள் அனுமதிக்கலாம் என்று. பெல்ஜியத்தில் ரெஸ்ற்-அஷா என்ற பாவனையாளர் சங்கமும் இரண்டு ஆண்களும் வழக்குப் போட்டார்கள். அது பெல்ஜியத்தின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் இருந்து லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2011 மார்ச் 1ஆம் திகதி தீர்ப்பு வந்தது. சமத்துவம் என்று சாசனத்தில் எழுதிவைத்துவிட்டு, கால எல்லை இல்லாமல் ஒரு விதிவிலக்கைத் திறந்து விடுவது செல்லாது என்றது. 2012 டிசம்பர் 21இல் இருந்து எழுதப்படும் புது ஒப்பந்தங்களுக்கு ஒரே விலைதான். பிரித்தானியா தன் சமத்துவச் சட்டத்தை அதற்கேற்ப மாற்றியது. பிறகு ஒன்றியத்தை விட்டே வெளியேறினாலும் இந்தத் தடை இன்றைக்கும் சட்டத்தில் இருக்கிறது.

அந்த வழக்கில் நீதிமன்றத்துக்கு ஆலோசனை சொன்ன அட்வகேட் ஜெனரல், யூலியான கொக்கொட் என்ற ஜேர்மன் பெண்மணி, 2010 செப்டெம்பரில் கொடுத்த கருத்தில் ஒரு உதாரணம் சொன்னார். தோல் நிறத்துக்கும் தோல் புற்றுநோய்க்கும் புள்ளிவிபரத் தொடர்பு இருக்கலாம், அதற்காகத் தோல் நிறத்தைப் பார்த்துக் காப்புறுதிக் காசைக் கூட்டிக் குறைக்க யாராவது சம்மதிப்பார்களா, பிறகு ஆண் பெண் என்பதற்கு மட்டும் ஏன் சம்மதிக்கிறீர்கள் என்ற மாதிரி. அந்த இடத்தை வாசித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

இனி மச்சானின் முறைப்பாடு. அது முழுப் பொய் இல்லை. 17இல் இருந்து 24 வயது வரை உள்ள பெடியள்தான் பெரிய விபத்துகளில் அகப்படுகிறார்கள். சனிக்கிழமை இரவு, காருக்குள் நாலு சிநேகிதர், பின்னால் அதிரும் பாட்டு. அப்படி ஒரு விபத்தில் ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் விழுந்தால் கொம்பனி மில்லியன் கணக்கில் கட்ட வேண்டும். பெட்டையள் விபத்தே செய்வதில்லை என்றில்லை, அவர்களுடையவை பெரும்பாலும் கார்த் தரிப்பிடத்தில் கதவு நெளிகிற சின்ன விபத்துகள். அதனால்தான் 2005இல் ஷீலாஸ் வீல்ஸ் என்று ரோஸ் நிறக் காரும் பாட்டுப் பாடும் மூன்று பெண்களுமாய் ஒரு கொம்பனி வந்து பெண்களைக் குறிவைத்து யாவாரம் செய்தது. பெண்களுக்கு மலிவாய்க் கொடுத்தாலும் லாபம் வந்தது.

தீர்ப்பு வந்த கையோடு இங்குள்ள காப்புறுதிக் கொம்பனிகளின் சங்கம் அபாய மணி அடித்தது. 26 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களின் கார் பிரீமியம் சராசரியாக 25 வீதம் ஏறும் என்றார்கள். ஏறுகிறதுக்குக் காரணம் விளங்க ஒரு சின்னக் கணக்கு (இலக்கங்கள் என் கற்பனை). நூறு பெடியள், ஆளுக்கு 1500 பவுண்ஸ். நூறு பெட்டையள், ஆளுக்கு 900. எல்லாருக்கும் ஒரே விலை என்றால் 1200. அதோடு நின்றால் சரி. ஆனால் 1200 என்றவுடன் சில பெட்டையள் “அப்ப கார் வேண்டாம், பஸ்சிலை போறன்” என்பார்கள். முந்தி வாங்க முடியாமல் இருந்த பெடியள் ஓடி வருவார்கள். கொஞ்ச நாளில் 120 பெடியள், 80 பெட்டையள். இப்போது செலவைப் பிரித்தால் ஆளுக்கு 1260 வருகிறது. யார் எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரியாததால் கொம்பனி தன் பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம் வைக்கும். ஆக, தடை செய்தால் மொத்தச் செலவு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். இதை மறைத்துவிட்டுத் தடையை ஆதரிக்க நான் ஆயத்தமில்லை.

ஆனால் நடந்தது சொன்ன அளவுக்கு இல்லை. 2013 ஏப்ரலில் விபத்துக் காயக் கேஸ்களைச் சட்டத்தரணிகளுக்கு விற்றுத் தரகுக் காசு வாங்குவதைத் தடை செய்தார்கள். அந்த வருசம் சந்தை முழுக்கவே பிரீமியம் இறங்கியது. எங்கட சனம் இறங்கினதைக் கணக்கில் எடுக்காது. ஏறினதைப் பதினைந்து வருசத்துக்கு மறக்காது.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மூத்தவன் 2012 வசந்த காலத்தில் ரெஸ்ற் பாஸ் பண்ணினான், வயது 17. நாங்கள் அப்போது ஈஸ்ட்ஹாமில். ஒரு பழைய நிசான் மைக்ரா, 900 பவுண்சுக்கு வாங்கினது. அதற்கு இன்சூரன்ஸ் கேட்டால் நாலாயிரத்துக்குக் கிட்டச் சொன்னார்கள். காரைப் போல நாலு மடங்கு! அவன் ஒரு விபத்தும் செய்யவில்லை. செய்ய நேரமே இருக்கவில்லை, ரெஸ்ற் பாஸ் பண்ணி ஒரு கிழமை. “காரை உன்ர பேரிலை எடுத்துப்போட்டுப் பெடியனை ரெண்டாவது ட்ரைவராப் போடு” என்று ஆலோசனை சொல்ல ஆட்கள் வரிசையில் நின்றார்கள். உண்மையில் ஓடுவது பெடியன் என்றால் அது மோசடி. பிடிபட்டால் இன்சூரன்சே செல்லாது. ஒரு இரவு முழுக்க அந்தப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கடைசியில் அவன் இரண்டு வருசம் பஸ்சில் போனான்.

அடுத்த வருசம் மகள் பாஸ் பண்ணினாள். அதற்கிடையில் சட்டம் மாறிவிட்டது. அவளுடைய சிநேகிதியின் அக்கா ஒரு வருசத்துக்கு முன்னர் கட்டினதையும் தனக்கு வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

“நான் என்னப்பா செய்தனான்? பெடியள் அடிச்சு நொறுக்கிறதுக்கு நான் ஏன் கட்டோணும்?”

“அண்ணா மட்டும் என்ன செய்தவன், பிள்ளை?”

“அவன் செய்யேல்லை. ஆனா அவனைப் போல பெடியள் செய்யிறாங்கள்.”

அவனைப் போல பெடியள். இந்தச் சொல்லை நான் வேறொரு இடத்தில், வேறொரு பாசையில் கேட்டிருக்கிறேன்.

1993. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ், வயது 25. மே தினத்தன்று ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்ட பிறகு கொழும்பில் தமிழ்ப் பெடியள் வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் நிச்சயம். காலி வீதியில் பஸ்சை மறிப்பார்கள். அடையாள அட்டையை எடு என்பார்கள். எங்கட பழைய அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றித் தெரியாத இளம் ஆட்களுக்குச் சொல்கிறேன்: முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூன்று இலக்கம் வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். வயதும் ஆணா பெண்ணா என்பதும் இலக்கத்துக்குள்ளேயே. பிறந்த இடம் அட்டையில் எழுதியிருக்கும். ஆமிக்காரனுக்கு அந்த மூன்றும் போதும். நான் என்ன செய்தேன், செய்யவில்லை என்று அவன் கேட்கவில்லை. ஒருநாள் ஒரு பொலிஸ்காரர், நல்ல மனுசன் என்றே சொல்ல வேண்டும், அரைகுறைத் தமிழில் விளங்கப்படுத்தினார். “தம்பி, நீ இல்லை. ஆனா உன்னை மாதிரி ஆக்கள்தான்.” அன்றைக்கு இரவு ஸ்ரேசன் வாங்கில் இருந்து அந்த வசனத்தைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். அவருடைய கணக்குப் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. குண்டு வைத்தவர்கள் தமிழர்தான். ஆனால் அந்தக் கணக்கை வைத்து என்னை வாங்கில் இருத்தினது பிழை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாய் இருக்கலாம் என்று எனக்கு விளங்கியது அங்கேதான்.

மகளிடம் இதைச் சொன்னேன். “செக்பொயின்ற்றையும் கார் இன்சூரன்சையும் ஒண்டாக்காதேங்கோ அப்பா” என்று சிரித்தாள். அவள் சொல்வதும் சரி. ஒன்றில் உயிர் போகும், மற்றதில் காசு போகும். ஆனால் கொக்கொட் அம்மையார் தோல் நிறத்தை ஏன் இழுத்தார் என்றால் இதற்குத்தான். புள்ளிவிபரம் சரியாய் இருப்பது வேறு, அதைக் கொண்டு தனி ஒருவரிடம் கை நீட்டுவது வேறு. பிறப்பால் வந்த ஒன்றைக் காட்டி மற்றவன் செய்ததுக்கு உன்னிடம் காசு கேட்கலாம் என்று ஒரு இடத்தில் சம்மதித்துவிட்டு, அடுத்த இடத்தில் கூடாது என்று கத்துவதற்கு எங்களுக்கு என்ன முகம் இருக்கிறது?

“அப்ப வயது? அதுவும் பிறப்பாலை வாறதுதானே?” என்று கெட்டிக்காரி அடுத்த கேள்வி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் வயது எல்லாருக்கும் ஏறும். 18இல் கூடக் கட்டுகிறவன் 40இல் குறையக் கட்டுவான். வாழ்நாள் முழுக்கப் பார்த்தால் எல்லாரும் அந்த வாசலால் போய் வருகிறார்கள். ஆண் பெண் அப்படி இல்லை, யாழ்ப்பாணத்தில் பிறந்ததும் அப்படி இல்லை.

இன்னொன்று. இந்தத் தடையால் பெண்களுக்கு நட்டம் என்று நெஞ்சில் அடிக்கிற மச்சானைப் போன்றவர்கள் ஓய்வூதியப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. சேர்த்த பென்சன் காசைக் கொம்பனியிடம் கொடுத்து, சாகும் வரை மாதாமாதம் ஒரு தொகை வாங்குகிற முறை இருக்கிறதே, அதில் பெண்கள் கூடக் காலம் சீவிப்பார்கள் என்று சொல்லி ஒரே தொகைக் காசுக்குப் பெண்ணுக்குக் குறையக் கொடுத்தார்கள். காலம் முழுக்கப் பக்டரியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்து, பிள்ளை பெற என்று நாலு வருசம் விட்டு, சேர்த்ததே கொஞ்சம். அதிலும் ஒரு வெட்டு. 2012 டிசம்பரோடு அந்த வெட்டும் நின்றது. இந்த விசயத்தில் கொஞ்சம் இழந்தது எங்களைப் போன்ற கிழவர்கள்தான். 17 வயதில் ஒரு வருசம், இரண்டு வருசம் ஏறின காசையும் 65இல் இருந்து சாகும்வரை வருகிற காசையும் ஒரே தராசில் போட்டுப் பாருங்கள். மகளுக்காகக் கவலைப்படுகிற தகப்பன்மார் அவளுடைய முதல் காரோடு கணக்கை மூடக் கூடாது.

ஊரில் மரண சகாய நிதிச் சங்கம் என்று ஒன்று இருந்தது. மாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லாரும் ஒரே சந்தா. மூன்று கிழடு இருக்கிற வீடும் அதேதான், புதுசாய்க் கலியாணம் கட்டின வீடும் அதேதான். ஒருவரும் “உங்கட வீட்டிலை அப்பாச்சி இழுத்துக்கொண்டு கிடக்கிறா, நீங்கள் ரெண்டு ரூபா கூடத் தாங்கோ” என்று கேட்டதில்லை. அதுவும் காப்புறுதிதான். நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

சரி, தடையை ஆதரிக்கிறேன் என்றதால் கொம்பனிகளுக்கு மாலை போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். என்னுடைய உண்மையான கோபம் இனித்தான் வருகிறது.

ஆணா பெண்ணா என்று விலைக்குப் பார்க்க முடியாமல் போனவுடன் அவர்கள் என்ன செய்தார்கள்? சுற்றி வந்தார்கள். என்ன வேலை, எத்தனை சிசி எஞ்சின், வருசம் எத்தனை மைல், எந்தப் போஸ்ட்கோட். கட்டட வேலைக்காரன் என்றால் பெரும்பாலும் ஆண், நேர்ஸ் என்றால் பெரும்பாலும் பெண். தீர்ப்புக்குப் பிறகு ஆண்கள் கூடுதலாய்ச் செய்கிற வேலைகளுக்கும் பெண்கள் கூடுதலாய்ச் செய்கிற வேலைகளுக்கும் பிரீமியம் எப்படி நகர்ந்தது என்று இங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். இளம் ஓட்டுநர்கள் விசயத்தில் வேலையின் பெயர் ஆண் பெண்ணுக்குப் பதிலாளாய் நின்றது தெரிந்தது. இன்றைக்கும் ஆண்கள் சராசரியாகப் பெண்களை விடக் கூடத்தான் கட்டுகிறார்கள். முன்கதவைப் பூட்டினால் பின்கதவு.

அந்தப் பின்கதவு யாருடைய வீட்டுக்குள்ளே திறக்கிறது தெரியுமா? எங்களுடைய வீட்டுக்குள்ளே. சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2022இல் ஒரு அறிக்கை விட்டது. தங்களிடம் கடன் உதவிக்கு வந்தவர்களின் கார் இன்சூரன்சை எடுத்துப் பார்த்தபோது, வெள்ளையர் அல்லாதவர்கள் வருசத்துக்குச் சராசரியாக 250 பவுண்ஸ் கூடக் கட்டியிருக்கிறார்கள். கொம்பனிகளைக் கேட்டால் நாங்கள் இனம் கேட்பதே இல்லை என்கிறார்கள். உண்மைதான், கேட்கவில்லை. போஸ்ட்கோட்டைக் கேட்கிறார்கள். ஈஸ்ட்ஹாமில் யார் இருக்கிறார்கள் என்று அதற்குப் பிறகு கேட்கத் தேவையில்லை.

கறுப்புப் பெட்டி என்று ஒன்றைக் காருக்குள் பூட்டி, ஓட்டத்தைப் பார்த்து விலை வைக்கிற முறையும் தடைக்குப் பிறகு நன்றாய்ப் பரவியது. மகளுக்கு அதைத்தான் பூட்டினோம். எனக்கு முதலில் சந்தோசம். அவள் என்ன செய்கிறாளோ அதற்குத்தானே காசு. ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஓடினால் அந்தப் பெட்டி புள்ளியை வெட்டும். சுப்பர்மார்க்கெட்டில் அவளுக்குச் சனிக்கிழமை கடைசி ஷிப்ட், கடை பூட்டித் தட்டு அடுக்கி வெளிக்கிட நடுச்சாமம். இரவு ஓடுவது அவள் தெரிவு இல்லை. பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்கிற எங்கட ஆட்களுக்கும் இதே கதைதான். அலுவலகத்தில் ஒன்பதிலிருந்து ஐந்து வரை இருக்கிறவனின் பிள்ளைக்கு நல்ல புள்ளி விழும்.

சுவிசில் இருக்கிற என் சித்தியின் மகனுக்கு இதெல்லாம் சொன்னால் சிரிக்கிறான். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, இந்தத் தீர்ப்பு அவர்களைக் கட்டாது. அங்கே கார் இன்சூரன்சுக்கு ஆணா பெண்ணா என்று மட்டுமில்லை, எந்த நாட்டுக் குடியுரிமை என்றும் பார்த்து விலை வைக்கலாம். கொம்பனிகள் வைக்கின்றன. ஒளிவு மறைவு இல்லை. அவன் பாஸ்போர்ட் மாற்றின வருசம் பிரீமியம் குறைந்தது. அதே கார், அதே ரோட்டு, அதே ஆள். மச்சானுக்கு அந்த முறைதான் வேண்டுமென்றால் சூரிச்சுக்குப் போய் இருக்கலாம். மகளுக்கு மலிவாய்க் கிடைக்கும், அவருக்குப் பிறந்த நாட்டுக்கு ஒரு பில் வரும்.

2012இல் பெய்தது பாதி மழை. ஆண் பெண்ணை எடுத்தவர்கள் போஸ்ட்கோட்டையும் வேலையின் பெயரையும் அப்படியே விட்டார்கள். எங்கட சங்கங்கள் வருசத்துக்கு மூன்று கலைவிழா வைக்கின்றன. மண்டபத்துக்கு அமைச்சரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகின்றன. அதில் ஒரு தடவையாவது, எந்தெந்தப் போஸ்ட்கோட்டுக்கு எவ்வளவு கூட்டுகிறீர்கள், ஏன், என்று கொம்பனிகள் பகிரங்கமாய்க் காட்ட வேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறார்களா? நான் கேட்டதில்லை. நானும் போர்த்தின பக்கம்தான் நின்றிருக்கிறேன்.

மகள் போன சித்திரையில் வேலை காரணமாய் டெவன் பக்கம் மாறினாள். கடலோரச் சின்ன ஊர். தமிழ்க் கடை ஒன்றும் இல்லை, கறிவேப்பிலையை நாங்கள் தபாலில் அனுப்புகிறோம். விலாசம் மாற்ற என்று இன்சூரன்சுக்குப் போன் எடுத்திருக்கிறாள். அன்றைக்கு இரவு எனக்கு எடுத்தாள்.

“அப்பா, முந்நூற்றிச் சொச்சம் குறைஞ்சிருக்கு.”

“ஏனாம்?”

“ஒண்டும் சொல்லேல்லை. நான் அதே ஆள்தானே. அதே கார்தானே.” கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. “இதுக்கு எந்தக் கோர்ட்டுக்கப்பா போறது?”